நரம்பணுவின் தனித்தன்மையை நிறுவிய ரமோன் இ கஹால்

மூளை தனித்தனி உயிரணுக்களால் ஆனது என்பதை இன்று பள்ளி மாணவர்களும் படிக்கின்றனர். அவ்வுண்மையை உலகம் ஏற்பதற்கு ஸ்பெயின் நாட்டு மருத்துவர் ஒருவர் பட்ட பாட்டை ஈண்டு நாம் சுருக்கமாகக் காண்போம்.

சான்டியாகோ ரமோன் இ கஹால் 1852ஆம் ஆண்டு மே முதல் நாள் பெட்டில்லா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் கண்டிப்பு மிக்க மருத்துவர். மகனுக்கோ ஓவியத்தில் தீராத வேட்கை. பதினோரு வயதில், தாமே செய்த பீரங்கியால் அண்டை வீட்டாரின் வாயிற்கதவைத் தகர்த்துச் சிறையும் கண்டார்! முடிதிருத்துபவரிடமும் செருப்புத் தைப்பவரிடமும் தொழில் பழக விட்டும் பிள்ளை அடங்கவில்லை. 1868இல் தந்தையார் அவரைக் கல்லறைத் தோட்டங்களுக்கு அழைத்துச் சென்று, கிடைத்த மனித எலும்புகளைக் கொண்டு உடற்கூறு கற்பித்தார். அவ்வெலும்புகளை வரையத் தொடங்கிய கை, பின்னர் மருத்துவத்தை விடவில்லை.

1873இல் பட்டம் பெற்றுக் கியூபாவில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றி, மலேரியாவால் நலிந்து நாடு திரும்பினார். சொந்தச் சேமிப்பில் நுண்ணோக்கி வாங்கி ஆராயலானார்.

இத்தாலிய அறிஞர் கோல்ஜி, வெள்ளி உப்பினால் நரம்பணுக்களுக்குக் கருநிறம் ஏற்றும் முறையை 1873இலேயே கண்டிருந்தார். ஆயின் நரம்புகள் யாவும் ஒன்றோடொன்று இணைந்த ஒரே வலை என்பது அவர் கொள்கை. 1887இல் அம்முறையைக் கண்ட கஹால் அதனைச் செம்மைப்படுத்தினார். நரம்பிழைகளின் கொழுப்புறை வளர்ந்தபின் நிறம் சரிவர ஏறாது. எனவே அவர் கருக்களையும் இளங்குஞ்சுகளையும் தேர்ந்தார். 1888இல் பார்சிலோனாவில் பறவையின் சிறுமூளையை ஆராய்ந்தபோது, இழைகள் அடுத்த அணுவை நெருங்கி நிற்கின்றனவேயன்றி அதனுடன் கலப்பதில்லை எனக் கண்டார்.

கண்டதை யார் நம்புவார்? சொந்தச் செலவில் ஆய்விதழ் அச்சிட்டு அயல்நாட்டு அறிஞர்க்கு அனுப்பினார். ஸ்பானிய மொழியில் அமைந்த அதனைப் படிப்பார் அரிதாயினர். 1889இல் தம் கைப்பொருளைச் செலவிட்டு, கண்ணாடிச் சில்லுகளுடன் பெர்லின் மாநாட்டுக்குச் சென்றார். முதுபெரும் சுவிஸ் அறிஞர் கோலிக்கர் நுண்ணோக்கியில் தாமே கண்டு, கஹாலின் கருத்தை ஆதரிக்கலானார்.

1906இல் நோபல் பரிசு கஹாலுக்கும் கோல்ஜிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. பரிசேற்புரையிலும் கோல்ஜி கஹாலின் கொள்கையை மறுத்தே பேசினார். எனினும் அவர் தந்த முறையின்றிக் கஹாலின் கண்டுபிடிப்பு அக்காலத்தில் கைகூடியிராது என்றே நாம் கருதுகிறோம்.

கோல்ஜி 1926இலும், கஹால் 1934ஆம் ஆண்டு அக்டோபர் 17இலும் காலமாயினர். 1950களில் மின்னணு நுண்ணோக்கி, இரு நரம்பணுக்கள் சந்திக்குமிடத்தில் உள்ள இடைவெளியைக் காட்டியது. அதன் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 50,000இல் ஒரு பங்கு.