நிலவில் நின்ற பெயர்

திருவண்ணாமலையில் முழுமதி எழுந்தால் மலைவலம் வருவோரால் ஊர் நிறையும். அம்மதியின்மேல் 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3இன் கலம் இறங்கிற்று. அக்கலத்தின் பெயர் விக்ரம். 2024 முதல் அந்நாள் தேசிய விண்வெளி நாளாகக் கொண்டாடப்படுகிறது. அவ்விழாக்களில் மேடையேறிப் பேசும் நம் பிள்ளைகள் அப்பெயருக்கு உரியவரை அறிதல் வேண்டும்.

விக்ரம் சாராபாய் 1919 ஆகஸ்டு 12 அன்று அகமதாபாத்தில் செல்வம் மிக்க சமணக் குடும்பத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்றார்; பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் அண்டக்கதிர்களை ஆராய்ந்தார். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அங்கே மாதா கோயில் ஒன்றே அலுவலகம் ஆயிற்று.

வறிய நாட்டுக்கு விண்வெளி எதற்கு எனப் பலர் வினவினர். செல்வ நாடுகளோடு போட்டியிட்டு நிலவை அடைவது தம் நோக்கமன்று என்றே அவர் விடையிறுத்தார். சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சிவழிக் கல்வியும் உழவர்க்கு வானிலைச் செய்தியுமே அவர் வேண்டியவை. பிள்ளைகள் தம் கையால் செய்து கற்க அகமதாபாத்தில் அறிவியல் நடுவமும் அமைத்தார். ஆசிரியப் பயிற்சி பெற்ற நமக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. ஆயினும் வகுப்பில் அவர் பெயரை நாம் ஒரு வரியில் கடந்ததுண்டு.

1971 டிசம்பர் 30 அன்று கோவளத்தில் 52 வயதில் மறைந்தார். 1975 ஆகஸ்டில், செயற்கைக்கோள் வழியே சுமார் 2,400 சிற்றூர்களுக்கெனத் தொலைக்காட்சி தொடங்கியபோது, அதைக் காண அவர் இல்லை.