கரண்டியில் தெரிந்த நோய்

சிறுநீரகம் பழுதடைவதை உடல் நெடுங்காலம் வெளிக்காட்டுவதில்லை. பல நேரங்களில், சிறுநீரில் கசியும் புரதம் மட்டுமே முதல் அறிகுறி. அதன் பொருளை உலகுக்கு உணர்த்தியவர் ரிச்சர்ட் பிரைட் என்னும் ஆங்கிலேய மருத்துவர்.

1789-இல் பிரிஸ்டல் நகரின் செல்வமிக்க வணிகக் குடும்பத்தில் பிறந்த பிரைட், 1808-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது தத்துவமும் பொருளாதாரமும் கணிதமும் பயில்வதற்காக. மறு ஆண்டே மருத்துவத்துக்கு மாறிவிட்டார். பொருளாதாரம் கற்பித்தே காலம் கழித்த எனக்கு அவர் மீது ஈடுபாடு ஏற்பட இதுவும் ஒரு காரணம். 1810-இல் ஐஸ்லாந்து சென்ற ஆய்வுக் குழுவில் இடம்பெற்றார். பின்னர் ஹங்கேரிப் பயணம் குறித்து விரிவான நூல் எழுதினார். கண்டதை உடனே எழுதியும் வரைந்தும் வைப்பது அவரது இயல்பு.

1820-இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியேற்றார். முகமும் காலும் வீங்கிய நோயாளிகள் அங்கு ஏராளமாக வந்தனர். அக்காலத்தில் வீக்கமே தனி நோயாகக் கருதப்பட்டது. பிரைட் அவர்களது சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினார். முட்டையின் வெண்கரு போல் அது திரிந்தால், அதில் அல்புமின் என்னும் புரதம் இருப்பதாகப் பொருள்.

சிறுநீர் இவ்வாறு திரிவதை அவருக்கு முன்பே சிலர் கண்டிருந்தனர். ஆனால், அந்த நோயாளிகள் இறந்தபின் உடற்கூறாய்வு செய்து, வீக்கம், புரதக் கசிவு, சிதைந்த சிறுநீரகம் ஆகிய மூன்றையும் ஒரே நோயாக இணைத்தவர் பிரைட்தான். வேதியியலாளர் ஜான் பாஸ்டாக் அவருக்குத் துணை நின்றார். 1827-இல் வண்ணப் படங்களுடன் வெளியான நூல் இதை மருத்துவ உலகுக்கு அறிவித்தது. 1836-இல் 100 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து வெளியிட்டார். 1842-இல் சிறுநீரக நோயாளிகளுக்கென்றே 42 படுக்கைகளும் ஆய்வுக்கூடமும் ஒதுக்கப்பட்டன. 1858-இல் இதய நோயால் அவர் மறைந்த பின்னரும், சிறுநீரக நோய் பல்லாண்டுகள் பிரைட் நோய் என்றே அழைக்கப்பட்டது.

அவரிடம் அந்நோய்க்கு மருந்து இல்லை. கரண்டிக்கும் மெழுகுவர்த்திக்கும் ஆன செலவு அற்பம். ஆண்டுக்கணக்கில் சலிக்காமல் எழுதிவைத்த குறிப்புகளே அவர் இட்ட உண்மையான முதலீடு.

இன்று மருந்துகள் உள்ளன; குறிப்புகள்தாம் இல்லை. நான் வசிக்கும் சாலவாக்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களில், வெயிலில் உழைக்கும் விவசாயத் தொழிலாளர் பலரிடம் ஒரு பழைய பரிசோதனைச் சீட்டுகூட இருப்பதில்லை. காய்ச்சலாலும் கடும் உழைப்பாலும் புரதம் தற்காலிகமாகத் தென்படலாம். எனவே, மீண்டும் சோதித்து, மூன்று மாதங்களுக்கு மேலும் அது நீடித்தால்தான் நாட்பட்ட நோய் என்று கொள்வர். முதல் சீட்டு தொலைந்தால் இந்தக் கணக்கே தொடங்காது. சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லாதவரிடம் காரணம் விளங்காமல் புரதம் கசிந்தால், பழைய பதிவுகளின் தேவை இன்னும் கூடுகிறது. புரதம் அதிகம் கசியாமலே சிறுநீரகம் கெடுவதும் உண்டு என்பதால், ரத்தத்தில் கிரியேட்டினின் அளவையும் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும்.

இது நம்மால் இயலாததன்று. சென்னை மருத்துவர் எம்.கே. மணியின் முயற்சியில் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், சென்னையை அடுத்த கிராமங்களில் உள்ளூர்ப் பணியாளர்களைப் பயிற்றுவித்து வீடு வீடாகச் சிறுநீரைச் சோதித்தது. சில துளி அமிலமும் ஒரு பதிவேடும் போதுமானவையாக இருந்தன. டயாலிசிஸ் நிலையை எட்டிய ஒருவரால் அவரது குடும்பம் இழக்கும் கூலியையும் பயணச் செலவையும் எண்ணிப் பார்த்தால், இந்தச் சோதனைக்கு ஆகும் தொகை மிகச் சிறிது.

எங்கள் வட்டத்தின் தலைமையிடமான உத்திரமேரூரில் உள்ள பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, கணக்குக் காட்டாதவரைப் பதவிக்குத் தகுதியற்றவர் என்கிறது. பொதுப் பணத்துக்குக் கணக்குக் கேட்ட மண் இது. ஒவ்வொரு குடிமகனின் உடல்நலக் கணக்கையும் ஊர்தோறும் எழுதிவைக்க அரசும் மக்களும் முன்வர வேண்டும்.