கடலூர் வக்கீலும் 348 லட்சமும்

மஞ்சக்குப்பம் என்றதும் நம் செட் நண்பர்களுக்கு மைதானமும் பழைய கலெக்டர் ஆபீசும்தான் ஞாபகத்துக்கு வரும். சென்னை மாகாணத்தின் முதல் முதன்மந்திரியே நம்ம கடலூர் வக்கீல்தான் என்று சொன்னால், அட, அப்படியா என்பவர்கள்தான் அதிகம்.

அ. சுப்பராயலு ரெட்டியார் 1855-ல் தென்னார்க்காடு ஜில்லாவில் பிறந்தவர். கடலூரில் வக்கீல் தொழில், பிறகு நீதிக்கட்சி. 1920 தேர்தலில் கட்சி ஜெயித்தது. தியாகராய செட்டியார் பதவி வேண்டாமென்று ஒதுங்கிக்கொள்ள, டிசம்பர் 17-ஆம் தேதி ரெட்டியார் பதவியேற்றார். அப்போது வயது 65.

கல்வி இலாகா அவரிடம் இருந்தது. கஜானா சாவி இல்லை. இரட்டை ஆட்சியில் நிதி இலாகா கவர்னரின் நிர்வாக சபையிடம். போதாக்குறைக்கு மெஸ்டன் தீர்ப்பு வேறு. 1919 சட்டப்படி வருமானங்களைப் பிரித்ததில் மத்திய சர்க்காருக்குத் துண்டு விழுந்தது. அதைச் சரிக்கட்ட மாகாணங்கள் வருஷா வருஷம் 983 லட்சம் ரூபாய் தரணும் என்றது மெஸ்டன் கமிட்டி. அதில் சென்னையின் பங்கு 348 லட்சம்! பம்பாய்க்கு 56, வங்காளத்துக்கு 63. புதிய ஏற்பாட்டால் சென்னைக்கு 576 லட்சம் கூடுதலாக வருமே, அதிலிருந்து கொடுக்கட்டும் என்பது அவர்கள் கணக்கு. காகிதத்தில் சரிதான். ஆனால் விதிப்படி இந்தப் பணம்தான் முதல் செலவு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரியெல்லாம் அதற்கப்புறம். இவ்வளவும் வாங்கியும் 1921-22-ல் மத்திய பட்ஜெட்டில் துண்டு விழத்தான் செய்தது.

வரவுக்குள் செலவு பண்ணணும்னு சர்க்காரைச் சட்டம் போட்டுக் கட்டணுமா என்று இப்போதும் பேசுகிறோம். தமிழ்நாடு 2003-ல் நிதிப் பொறுப்புச் சட்டம் கொண்டுவந்தது. வருவாய்ப் பற்றாக்குறையை ஒழிப்பது, நிதிப் பற்றாக்குறையை மாநில உற்பத்தியில் 3 சதவீதத்துக்குள் வைப்பது என்று இலக்கு. கெடுவைப் பலமுறை தள்ளியும் வைத்தார்கள். அதைக் கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ அது பெரிய குற்றமாகப் படவில்லை. நம் சட்டசபை போட்ட கட்டு. தேவைப்பட்டபோது அதுவே தளர்த்திக்கொண்டது. ரெட்டியாருக்கு அந்த வசதி ஏது? பற்றாக்குறை டெல்லியுடையது, அடைக்க வேண்டியது சென்னை.

உடம்பு முடியாமல் 1921 ஜூலை 11-ல் ராஜினாமா செய்தார். பனகல் ராஜா பொறுப்பேற்றார். அதே வருஷம் நவம்பரில் ரெட்டியார் காலமானார். 348 லட்சத்தை எதிர்த்து மாகாணம் மன்றாடிக்கொண்டே இருந்தது. 1925-26 முதல் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுபடி செய்து, 1928-29-ல்தான் அடியோடு ரத்து செய்தார்கள்.