நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரும் சைவப் பாடசாலைகளும்

திருக்கோயிலொன்று புதுக்கப்பெற்றுக் குடமுழுக்காடும் இந்நன்னாளில், பள்ளிக்கூடம் அமைத்த ஒருவர் வரலாற்றை இம்மலரில் எழுதுவது பொருந்துமோ என ஐயுறுவார் சிலர் உளராகலாம். இவ்வையம் நாவலர் பெருமான் காலத்திலும் இருந்தது. கோபுரத்துக்குப் பொன் கொடுத்தவர் பலர், பாடசாலைக்குப் பிடியரிசி கொடுக்கத் தயங்கிய காலம் அது. அத்தயக்கத்தோடு முப்பதாண்டுகளுக்கு மேலாகப் போராடியவரே அவர். ஆதலின், திருப்பணிச் செல்வர்களும் மெய்யன்பர்களும் கூடிப் படிக்கும் இம்மலரில் அவர் வரலாறு இடம்பெறுதல் முறையேயாம்.

ஈழவளநாட்டின் வடபால் விளங்கும் யாழ்ப்பாணத்து நல்லூரிலே, 1822 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18 ஆம் நாள், கந்தர் என்பார்க்கும் அவர்தம் மனைவியார் சிவகாமியம்மையார்க்கும் கடைசி மைந்தராக ஆறுமுகனார் தோன்றினார். தந்தையார் தமிழ் வல்லவர், நாடகங்கள் இயற்றியவர். மைந்தர்க்கு ஒன்பது வயது நிரம்பும் அளவிலே அவர் சிவபதம் அடைந்தார். அவர் முடியாமல் விட்டுச்சென்ற நாடகமொன்றை அவ்விளஞ்சிறுவர் பாடி முடித்தார் எனச் சரித்திரகாரர் கூறுவர். பின்னர்ச் சரவணமுத்துப் புலவரிடத்தும், அவர்தம் ஆசிரியராகிய சேனாதிராச முதலியாரிடத்தும் இலக்கண இலக்கியங்களைப் பாடங்கேட்டார். ஆங்கிலம் கற்றற்பொருட்டு யாழ்ப்பாணத்து உவெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் சேர்ந்து, இருபது வயதளவில் அங்கேயே ஆசிரியருமாயினார்.

அக்காலத்து யாழ்ப்பாணத்தின் நிலையைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். உவெஸ்லியன் மிஷனார் 1814 ஆம் ஆண்டிலும், அமெரிக்க மிஷனார் 1816 ஆம் ஆண்டிலும் அங்கு வந்து, ஊர்தோறும் பள்ளிகளை நிறுவினர். 1823 ஆம் ஆண்டிலே வட்டுக்கோட்டையில் உயர்தரக் கல்விக்கழகமொன்றும் எழுந்தது. அப்பள்ளிகளிலே கணிதம், பூகோளம், வானநூல் எல்லாம் செவ்வையாகக் கற்பிக்கப்பட்டன என்பதை மறைத்தல் கூடாது. ஆனால் அவற்றோடு கிறிஸ்து சமய பாடமும் கட்டாயமாகவே வந்தது. கல்வி வேண்டுவோர்க்கு வேறிடம் அரிது. திண்ணைப் பள்ளிகள் நெடுங்கணக்கும் நிகண்டும் நீதிநூலும் ஓதுவித்தனவேயன்றி, சைவன் ஏன் திருநீறு தரிக்கின்றான் என்று ஒரு பிள்ளை வினாவினால் முறையாக விடையிறுக்க வல்லவை அல்ல. மிஷன் பள்ளியில் அவ்வினா எழுந்தது. வீட்டிலே விடை இல்லை. சமயம் மாறினாருள் பலர் வெறுப்பினால் மாறியவரல்லர், விடையின்மையால் மாறியவர் என்பதே அடியேன் கருத்து.

உவெஸ்லியன் பாடசாலைத் தலைவராகிய பெர்சிவல் பாதிரியார் ஆறுமுகனாரின் புலமையை நன்கறிந்தவர். விவிலிய நூலைத் தமிழில் பெயர்க்கும் பணியிலே அவர்க்குப் பல்லாண்டு துணைநின்றவர் ஆறுமுகனாரே. திருநீறணிந்த சைவராகவே இருந்து அப்பணியைச் செய்தார். சிலர் இதனைக் குறையாகப் பேசுவர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. மிஷனாரின் உள்ளிருந்தே அவர்தம் முறைகளை ஆறுமுகனார் கற்றுக்கொண்டார்: வகுப்புக்கேற்ற பாடநூல், அச்சியந்திரம், வாரந்தோறும் பிரசங்கம், வினாவும் விடையுமாகச் சமயம் புகட்டல், ஆசிரியர்மேல் மேற்பார்வை. இவ்வைந்தும் பின்னர்ச் சைவத்துக்கு அவர் ஈட்டித்தந்த செல்வமாயின.

1847 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31 ஆம் நாள் வெள்ளிக்கிழமை மாலை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயில் வசந்தமண்டபத்திலே அவர் முதற் பிரசங்கம் நிகழ்த்தினார். அதன்பின் வெள்ளிதோறும் பிரசங்கம் நடைபெற்றது. கேட்டவர் திரண்டனர், கண்ணீர் பெருக்கினர், வீடு சென்றனர். மறுநாட் காலையில் அவர்தம் பிள்ளைகள் மிஷன் பள்ளிக்கே சென்றனர். வெள்ளிக்கிழமை மாலை சொல்லியது திங்கட்கிழமை காலையில் அழிவதாயின் அச்சொல்லால் பயன் யாது? பிரசங்கம் முதியோர்க்கு, பாடசாலை பிள்ளைகட்கு, பிள்ளைகளை விடுத்து முதியோரை மட்டும் திருத்துதல் கரையை விடுத்து நீரைக் காத்தல் போலும். 1848 ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கப்பெற்றது. அவ்வாண்டிலேயே மிஷன் உத்தியோகத்தையும் அவர் துறந்தார். ஊதியத்தைத் துறந்தார், இல்லறத்திலும் புகுந்திலர்.

பாடசாலை தொடங்குதல் எளிது. அதனை மறுமாதமும் நடத்துதலே அரிது என்பதைத் தருமகர்த்தாக்களாய் இருந்தோர் அறிவர். பிள்ளைகளிடத்துச் சம்பளம் வாங்குவதில்லை என்பது நாவலர் கொள்கை. அரசினர் பொருளுதவியோ அந்நாளிற் பெரும்பாலும் மிஷன் பள்ளிகட்கே சென்றது. ஆகவே வண்ணார்பண்ணை வணிகரிடத்துப் பொருள் வேண்டியும், வீடுகளிலே நாடோறும் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியைத் தனியே எடுத்துவைக்கச் செய்தும் பாடசாலைச் செலவு நடத்தப்பட்டது என்பர். இப்பிடியரிசித் தருமத்தின் அருமையை எண்ணிப் பார்த்தல் தகும். ஒரு செல்வர் ஆயிரம் கொடுத்தால் பாடசாலை அவர்க்குரியதாகும். நூறு வீட்டார் ஒவ்வொரு பிடி கொடுத்தாலோ அது ஊர்க்குரியதாகும். நூறு தாய்மார் நாடோறும் அதனை நினைப்பர். ஆசிரியராக அமர்ந்தோரோ நாவலரிடத்துக் கற்ற மாணாக்கரே. நல்லூர்ச் சதாசிவப்பிள்ளை, நாவலர்க்கு மருகராகிய வித்துவசிரோமணி பொன்னம்பலபிள்ளை, பிற்காலத்திற் காசிவாசி எனப் பெயர்பெற்ற செந்திநாதையர் முதலியோர் அவ்வரிசையில் வந்தவர்கள்.

அடுத்த குறை நூற்குறை. ஏட்டுச்சுவடியைக் கொண்டு வகுப்பு நடத்துதல் இயலாது. 1849 ஆம் ஆண்டிலே சதாசிவப்பிள்ளையை உடன்கொண்டு, அச்சியந்திரம் வாங்கற்பொருட்டு நாவலர் தமிழகம் போந்தார். வழியிலே திருவாவடுதுறை ஆதீனத்திற் சைவசித்தாந்தப் பொருளை விரித்துரைத்தார். கேட்டுவந்த ஆதீனத்தார் நாவலர் என்னும் பட்டத்தை அளித்தனர். அவர் பெயர் அன்றுதொட்டு உலகறிந்ததாயிற்று. சென்னையிலிருந்து கொண்டுவந்த அச்சியந்திரம் வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையாக அமைந்தது. பிற்காலத்திற் சென்னைத் தங்கசாலைத் தெருவிலும் அப்பெயரால் அச்சகம் நிறுவப்பெற்றது.

அச்சகத்திலிருந்து பாலபாடம் முதற்புத்தகம் 1850 ஆம் ஆண்டிலும், இரண்டாம் புத்தகம் அடுத்த ஆண்டிலும் வெளிவந்தன. பெரியபுராண வசனம் 1852 இல் வந்தது. இலக்கணச் சுருக்கம், இலங்கைப் பூமிசாத்திரம், சைவ வினாவிடை இரண்டு புத்தகங்கள் எனப் பின்னும் பல. பாலபாடத்தின் நுட்பம் யாதெனின், சமயத்தைத் தனிப்பாடமாக ஒரு மூலையில் ஒதுக்காமை. எழுத்துக்கூட்டிப் படிக்கும் வாக்கியத்திலேயே கடவுளும் ஒழுக்கமும் வருவன. மேல்வகுப்புப் புத்தகத்திலே கடவுள் வழிபாடு, கொலை, களவு, பொய், செய்ந்நன்றியறிதல், பசுக்காத்தல், கல்வி என்பன தனித்தனி வசனப்பாடங்களாய் அமைந்தன. படிக்கப் பழகும் பிள்ளை சைவனாய் ஒழுகவும் பழகுவான். சைவ வினாவிடையோ மிஷனாரின் வினாவிடை முறையையே மேற்கொண்டு, கடவுள், வேதாகமம், விபூதி, உருத்திராக்கம், பஞ்சாக்கரம், சிவாலய தரிசனம் என்பவற்றைச் சிறுவர் மனத்தில் நிறுத்துவது. வீட்டில் இல்லாதிருந்த விடை புத்தகத்திற் கிடைத்தது. சொற்களைப் பிரித்தும், நிறுத்தக்குறியிட்டும் எளிய வசனமாக அச்சிட்டமையால், ஆசிரியர் இல்லாத ஊரிலும் எழுத்தறிந்த தாயோ தமையனோ படித்துக் காட்டுதல் கூடியதாயிற்று. மடத்திலே பாடங்கேட்ட எம்மனோர்க்கும், பிழையற்ற பாடம் வேண்டின் நாவலர் பதிப்பே கையிற் கொடுக்கப்பட்டது.

1864 ஆம் ஆண்டிலே தில்லைத் திருநகராகிய சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலையொன்றை நாவலர் நிறுவினார். ஈழத்தவர் ஒருவர் தமிழகத்துக்குச் செய்த கல்வித் தருமங்களுள் இது தலையாயது. சிதம்பரத்திலே கோயிலுக்குக் குறைவில்லை, தீக்ஷிதர்க்குக் குறைவில்லை, வந்து தொழுவார்க்கும் குறைவில்லை. திருமுறையைப் பொருளுணர்ந்து ஓதும் பிள்ளைகளுக்கே குறைவிருந்தது.

1870 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் மீண்ட நாவலர், அங்குக் கண்ட நிலையால் மனம் வருந்தினார். கோப்பாய் முதலிய ஊர்களிலும் பாடசாலைகள் எழச் செய்தார். 1872 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணச் சமயநிலை என்னும் பத்திரிகையை வெளியிட்டு, சைவர்தம் குறைகளைச் சைவர்க்கே எடுத்துரைத்தார். கோயில் விழாக்களிலே வாணவேடிக்கைக்கும் பொதுமகளிர் ஆடலுக்கும் பொருளை வாரி இறைத்து, கல்விக்குக் கைவிரிக்கும் தருமகர்த்தாக்களை அவர் விட்டுவைத்தாரல்லர். 1875 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைப் பற்றியும் தனியே எழுதினார். அவர்க்குப் பகைவர் பிறசமயத்தாருள் இருந்ததினும் தம்மவருள் மிகுதி. பாதிரிமாரோடு வாதிட்டபோது கைகொட்டிய சைவச் செல்வர், தம் கோயிற் கணக்கை அவர் கேட்டபோது முகந்திருப்பினர்.

இனி ஒரு துன்பத்தைச் சொல்லவேண்டும். உத்தியோகம் பெற ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலம் மிஷன் பள்ளியிலேயே கிடைக்கும். ஆகவே சைவப் பிள்ளை மேல்வகுப்புக்கு அங்கேதான் சென்றாகவேண்டும். சைவப்பிரகாச வித்தியாசாலையில் ஊன்றியதெல்லாம் அங்கே ஆட்டம் காண்டல் கூடும். இதனைத் தடுக்கவே 1872 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவாங்கில வித்தியாசாலையை நாவலர் தொடங்கினார். ஆங்கிலப் பள்ளியோ பிடியரிசியால் நடக்கக்கூடியதன்று. ஆசிரியர்க்குச் சம்பளம் மிகுதி. பொருள் தருவதாய்ச் சொன்னவர் பலர், தந்தவர் சிலர். நான்காண்டளவில் அது மூடப்பட்டது. நாவலர் முயற்சிகளுள் தோல்வியுற்றது இஃதொன்றே எனலாம். அறிவுக்குறையாலன்று, பொருட்குறையால்.

மற்றொன்றையும் மறைக்காது கூறுதல் சரித்திர தருமம். நாவலர் தம் காலத்துச் சாதிவேலியைத் தாண்டினாரல்லர். வருணாசிரம ஒழுக்கத்தைச் சைவவொழுக்கத்தோடு பிணைத்தே அவர் கொண்டார். அவ்வேலிக்கு வெளியே நின்ற குடிகளின் பிள்ளைகட்கு அவர் பாடசாலைகளில் இடம் இருந்திலது. அப்பிள்ளைகளுள் எழுத்தறிவு பெற்றவர் பெரும்பாலும் மிஷன் பள்ளிகளிலேயே பெற்றனர். திருநாளைப்போவார் சரித்திரத்தைச் சுவைபட வசனமாக்கிய கையே இவ்வேலியையும் காத்தது என்பது எம்போன்ற அவர்தம் அடியார்க்கு நெஞ்சிலே உறுத்தும் செய்தி. பெண்மக்கள் கல்வியும் அவர் காலத்துக்குப் பின்னரே சைவரிடத்து வலுப்பெற்றது; சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 ஆம் ஆண்டிலே மருதனார்மடத்திற் பெண்கள் கல்லூரியை நிறுவினார்.

1877 ஆம் ஆண்டளவிலே யாழ்ப்பாணத்தைப் பஞ்சமும் பேதிநோயும் ஒருங்கே வருத்தின. நாவலர் பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். துயர்துடைக்கத் தவறிய அரசாங்க அதிபரைக் கண்டித்தெழுதவும் அஞ்சினாரல்லர். 1879 ஆம் ஆண்டு மே மாதத்திலே சட்டநிரூபண சபைக்கு இராமநாதனைத் தேர்தல் வேண்டி வித்தியாசாலையிற் கூட்டம் கூட்டினார். அவ்வாண்டு ஆடி மாதத்திலே சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசையன்று, அதே வித்தியாசாலையில் நிகழ்த்தியது அவர்தம் கடைசிப் பிரசங்கமாயிற்று. டிசம்பர் மாதம் 5 ஆம் நாள், கார்த்திகை மகத்தில், வெள்ளிக்கிழமை இரவு, 57 வயது நிரம்பச் சின்னாட்கள் இருக்கையில் சிவபதம் எய்தினார்.

வித்தியாசாலைகளையும் அச்சகத்தையும் சதாசிவப்பிள்ளை ஏற்று நடத்தினார். 1888 ஆம் ஆண்டிலே சைவபரிபாலன சபை தோன்றியது. நாவலர் கண்மூடிப் பதினொன்றாம் ஆண்டாகிய 1890 இல் அச்சபையின் ஆதரவிலே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி நிலைபெற்றது. சைவாங்கில வித்தியாசாலைக்குக் கொடாத பொருளை, அவர் மறைந்தபின் அவ்வூரார் கொடுத்தனர். 1923 ஆம் ஆண்டிலே சு. இராசரத்தினம் முதலியோர் சைவவித்தியாவிருத்திச் சங்கத்தைத் தொடங்கி, இந்துபோர்டு என்னும் பெயரால் ஊர்தோறும் சைவப் பாடசாலைகளை நிறுவி மேற்பார்த்தனர். திருநெல்வேலியிலே சைவாசிரிய கலாசாலை ஏற்பட்டு, அப்பள்ளிகட்கு வேண்டிய ஆசிரியரைப் பயிற்றியது. நாவலர் காலத்து வேலியும் அந்நூற்றாண்டிலே பெரும்போராட்டத்தின்பின் படிப்படியாக அகன்றது. 1960, 1961 ஆம் ஆண்டுகளில் இலங்கை அரசினர் உதவிபெறும் பாடசாலைகளைத் தம்வயப்படுத்தினர். அதன்பின்னும் சமயபாடம் நீங்கவில்லை. ஈழத்துப் பாடசாலைகளிலே சைவநெறி என்னும் பெயரால் அது இன்றும் வகுப்புத்தோறும் கற்பிக்கப்படுகிறது. பிள்ளைகள் அதிற் பரீட்சையும் எழுதுகின்றனர். சிதம்பரத்திலே அவர் வைத்த பாடசாலை மேல்நிலைப் பள்ளியாக வளர்ந்து, அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.