காத்திருப்பைக் கணக்கிட்ட அறிஞர்

டென்மார்க்கு நாட்டின் யுட்லாந்துப் பகுதியில் லோன்போர்க் என்பது ஒரு சிற்றூர். அவ்வூர்ப் பள்ளி ஆசிரியரின் மகனாக 1878ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாளன்று அக்னர் எர்லாங் பிறந்தார். இளமையிலேயே நூல்களிடத்துத் தணியாத வேட்கை கொண்டவர் அவர். தமையன் ஒரு நூலைப் படிக்கும்போது எதிரே அமர்ந்து, அதனைத் தலைகீழாகவே படித்து மகிழ்வாராம். 1901ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றுச் சில ஆண்டுகள் ஆசிரியப்பணி புரிந்தார்.

கணித அறிஞர் கூடும் அவையிலே யென்சன் என்பாரின் நட்பு அவருக்கு வாய்த்தது. யென்சன் கோபன்ஹேகன் தொலைபேசிக் கழகத்தின் பொறியாளர். அவர் வாயிலாக 1908ஆம் ஆண்டில் எர்லாங் அக்கழகத்திற் சேர்ந்தார்.

அந்நாளில் தொலைபேசி நிலையத்திற் பணிப்பெண்கள் அமர்ந்து, ஒருவர் கம்பியை மற்றொருவர் கம்பியோடு கையாலேயே இணைப்பர். நிலையங்களுக்கிடையே எத்தனை கம்பிகள் வேண்டும்? மிகுதியாக இட்டாற் பொருள் வீணாகும். குறைவாக இட்டால், நோயுற்ற குழந்தைக்காக மருத்துவரை அழைக்கும் தாயும் காத்துக் கிடக்க நேரும். யார், எப்பொழுது அழைப்பார் என்பதை யாரே அறிவார்? ஆயினும், பல்லாயிரவர் அழைப்புகளை ஒருங்கே நோக்கின் அவற்றுள்ளும் ஓர் ஒழுங்கு உண்டு என்பதை எர்லாங் 1909ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் நிறுவினார். இழப்பையும் காத்திருப்பையும் அளக்கும் வாய்பாடுகளை 1917ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

ஒரு சிறு கணக்குக் காண்போம், மாணவர்கள் அஞ்சவேண்டா. மணிக்கு இருபது அழைப்புகள் வருகின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்று நிமிடம் நீள்கின்றது. மொத்தம் அறுபது நிமிடம். ஆகவே ஒரு கம்பி போதும் என்றுதானே நாம் எண்ணுவோம்? அழைப்புகள் முறைவைத்து வருவதில்லை. ஒரே கம்பி இருப்பின் அழைப்போரிற் பாதிப்பேர் இணைப்பின்றித் திரும்புவர். இரண்டு இருப்பின் ஐவரில் ஒருவரும், மூன்று இருப்பின் பதினாறு பேரில் ஒருவருமே அங்ஙனம் திரும்புவர்.

எர்லாங் ஏட்டோடு நின்றவரல்லர். ஏணி சுமந்த பணியாள் ஒருவர் உடன்வரத் தெருக்களிற் சென்று, நிலத்தடிக் குழிகளில் தாமே இறங்கிக் கம்பிகளை அளந்தார். மணம் செய்துகொள்ளாது ஆராய்ச்சியிலேயே வாழ்ந்த அவர், 1929ஆம் ஆண்டில் தம் ஐம்பத்தோராம் வயதில் மறைந்தார். ஒரு கம்பி ஒரு மணி நேரம் ஓயாது சுமக்கும் பேச்சின் அளவுக்கு 1946ஆம் ஆண்டில் எர்லாங் என்றே பெயரிட்டனர்.

அவர் கணினி வலையைக் கண்டவரல்லர். எனினும் 1960களில் கிளைன்ராக் முதலியோர் அவ்வலையை ஆராய்ந்தபோது, எர்லாங் தொடங்கிய கணிதமே கைகொடுத்தது. இணையத்திற் செல்லும் செய்தி சிறுசிறு பொதிகளாகப் பிரிகின்றது. ஒவ்வொரு பொதியும் தான் சேரவேண்டிய கணினியின் எண்முகவரியைத் தாங்கியுள்ளது. திசைவி என்னும் கருவி அம்முகவரியை நோக்கி வழிவிடுகின்றது. பொதிகள் ஒருசேர வந்து குவிந்தால் அவையும் வரிசையில் நிற்கவேண்டியவையே. பாதையிற் பாதிநேரம் பொதிகள் செல்லுமாயின், வரும் பொதி சராசரியாக மற்றொரு பொதியை அனுப்பும் நேரமளவு காத்திருக்கும். பத்தில் ஒன்பது பங்கு நேரம் பாதை நிறைந்திருப்பின் ஒன்பது மடங்கு காத்திருக்கும். அதனாலன்றோ, பாதை முற்றும் நிரம்புமுன்னரே பொறியாளர் மற்றொரு பாதை அமைக்க முற்படுகின்றனர்!