கொசு வளர்த்த வைத்தியர்

மலேரியா ஜுரத்துக்குச் சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றே காரணமென்று உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. 1880-ல் லாவெரான் என்னும் பிரெஞ்சு வைத்தியர் அல்ஜீரியாவில் நோயாளியின் இரத்தத்தில் அதன் கிருமியைக் கண்டார். அக்கிருமி ஒருவரிடமிருந்து மற்றொருவரிடம் செல்லும் வழி மட்டும் விளங்கவில்லை. அவ்வழியை நம் தேசத்தில் கண்டறிந்தவர் ஸர் ரொனால்ட் ராஸ்.

1857-ல் அல்மோராவில் பிறந்த ராஸ், 1881-ல் இந்திய வைத்திய சர்வீஸில் சேர்ந்தார். 1894-ல் லண்டனில் பாட்ரிக் மான்ஸன் அவருக்குக் கிருமியைக் காட்டி, கொசுவின் மீது தமக்கிருந்த சந்தேகத்தையும் தெரிவித்தார். ராஸ் இந்தியா திரும்பியதும் அதையே தம் வேலையாகக் கொண்டார்.

செகந்திராபாத்தில் அவர் கொசுப் புழுக்களைத் தண்ணீரில் வளர்த்து, வேறெவர் இரத்தமும் அருந்தாத கொசுக்களை உண்டாக்கினார். ஹுசைன் கான் என்னும் நோயாளி, கடிக்கும் கொசு ஒன்றுக்கு ஓரணா பெற்றுத் தம் இரத்தத்தை அவற்றுக்கு ஈந்தார். 1897 ஆகஸ்டு 20-ந் தேதி, புள்ளிச் சிறகுடைய கொசு ஒன்றின் வயிற்றுச் சுவரில் மலேரியாவுக்கே உரிய கருநிறத் துகள் கொண்ட உருண்டைகள் பூதக்கண்ணாடியில் தெரிந்தன.

அடுத்த மாதமே சர்க்கார் அவரை மலேரியா அருகியிருந்த ராஜபுதனத்துக் கேர்வாராவுக்கு மாற்றியது. வேலை மாதக்கணக்கில் நின்றது.

1898-ல் கல்கத்தாவில் பரிசோதனைச் சாலை கிடைத்தது. பிளேக் பீதியால் நோயாளிகள் வர அஞ்சினர். ராஸ் பறவைகளின் மலேரியாவை எடுத்துக்கொண்டார். முகம்மது பக்ஸ் என்னும் உதவியாளர் கொசு சேர்க்கத் துணை நின்றார். நோயுற்ற பறவைகளின் இரத்தத்தைக் குடித்த கொசுக்களுக்குள் கிருமி நாளுக்கு நாள் வளர்வதை ராஸ் தொடர்ந்து கண்டார். முதிர்ந்த கிருமிகள் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்திருந்தன. அக்கொசுக்கள் கடித்த நல்ல குருவிகளும் நோயுற்றன. வழி விளங்கிவிட்டது. மனிதரிடத்தும் இதுவே நிகழ்கிறதென்று அவ்வாண்டே இத்தாலிய விஞ்ஞானிகள் நிறுவினர்.

1902-ல் ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. தேங்கும் நீரை ஒழித்துக் கொசுவை அழிக்க வேண்டுமென்று பல நாடுகளில் வாதாடி, 1932-ல் அவர் காலமானார்.

வழி தெரிந்து நூற்றாண்டுக்கு மேலாகியும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் மலேரியாவால் மடிகின்றனர். அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். கிருமியின் வழியைக் கண்டறிந்தது விஞ்ஞானியின் பொறுமையும் ஏழை நோயாளியின் இரத்தமும். அவ்வழியை அடைப்பது ஆள்வோரின் கடமை. அதைச் செய்விப்பது ஜனங்களின் கடமை.