ஸ்ட்ரக்ட் எங்கிருந்து வந்தது?

முதல் வருஷம் சி புரோகிராமிங்ல ஸ்ட்ரக்சர் பாடம் ஞாபகம் இருக்கா? பேர், ரோல் நம்பர், மார்க் மூணையும் ஒரு ஸ்ட்ரக்ட்டுக்குள்ள போட்டு, பரீட்சைல எழுதிட்டு மறந்துட்டோம். அது வந்த கதை தெரிஞ்சா, அதைக் கொடுத்த டென்னிஸ் ரிட்சி மேல தனி மரியாதை வரும்.

ரிட்சி 1941 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவில் பிறந்தார். அப்பா பெல் ஆய்வகத்தில் விஞ்ஞானி. மகன் ஹார்வர்டில் இயற்பியல் படித்தார், பிறகு கணிதத்தில் ஆராய்ச்சி. 1968ல் பிஎச்டி ஆய்வேட்டை எழுதி முடித்தார். ஆனால் பைண்டிங் செய்த பிரதியை ஒப்படைக்கவே இல்லை. அதனால் பட்டமும் கிடைக்கவில்லை! வாழப்பாடி ஜெராக்ஸ் கடையில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டோட நிக்கிற நாம அப்படியே தலைகீழ். உள்ள என்ன இருக்கோ இல்லையோ, பைண்டிங் மட்டும் பக்கா.

1967லேயே அவரும் பெல் ஆய்வகத்தில் சேர்ந்திருந்தார். 1969ல் அங்கே கென் தாம்சன், பிடிபி-7 என்ற பழைய கம்ப்யூட்டரில் யூனிக்ஸைத் தொடங்கினார். ரிட்சியும் கூடச் சேர்ந்தார். எல்லாம் அசெம்ப்ளி மொழி. அதில் ஒரு சிக்கல்: அந்தக் கோடு அந்த மெஷினுக்கு மட்டும்தான். பிடிபி-11 வந்ததும் திரும்ப எழுத வேண்டியிருந்தது.

தாம்சனின் பி மொழியை வளர்த்து ரிட்சி சி மொழியை உருவாக்கினார். 1972ல் தாம்சன் யூனிக்ஸை சியில் எழுதிப் பார்த்தார். சரிவரவில்லை, கைவிட்டுவிட்டார். அப்போது சியில் ஸ்ட்ரக்சர் கிடையாது. ஓஎஸ்ஸுக்குள்ளே ஒவ்வொரு ப்ராசஸுக்கும் எண், நிலை, மெமரி முகவரின்னு வேற வேற வகை விவரங்களைச் சேர்த்து வைக்கணும். அது இல்லாம கெர்னல் எழுதறது பெரிய தலைவலி.

ரிட்சி மொழியையே திருத்தினார். ஸ்ட்ரக்சர் வந்தது. 1973 கோடையில் இருவரும் கெர்னலை சியில் எழுதி முடித்தார்கள். அதுக்கப்புறம் ஓஎஸ்ல ஒரு மாற்றம்னா, சோர்ஸைத் திருத்து, கம்பைல் பண்ணு, பூட் பண்ணு, அவ்வளவுதான். சில வருஷத்தில் இன்டர்டேட்டா என்ற வேறு வகை மெஷினுக்கும் யூனிக்ஸை மாற்றிக் காட்டினார்கள். பல்கலைக்கழகங்களுக்கு சோர்ஸ் கோடோடவே யூனிக்ஸ் போனது. பெர்க்லியில் அதைத் திருத்தித் திருத்தி பிஎஸ்டி உருவானது. இன்னைக்கு லினக்ஸ் கெர்னலை நம்ம லேப்டாப்ல நாமே கம்பைல் பண்ண முடியுதுன்னா, அந்த வழி அங்கே போட்டதுதான்.

1983ல் தாம்சனுடன் டூரிங் விருது பெற்றார். 2011 அக்டோபரில், தனியாக வாழ்ந்த வீட்டில் இறந்து கிடந்தார். அதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்திருந்தார். உலகமே அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. ஐபோனுக்குள்ள ஓடுற ஓஎஸ்ஸும் யூனிக்ஸ் வம்சம்தான்.

ப்ராஜெக்ட் ஓடலைன்னா நாம சீனியர் கோடைத் தேடி ஓடறோம். அவர் என்ன குறையுதுன்னு பார்த்து, அதைச் செஞ்சு சேர்த்தார். அந்த ஆய்வேடு பைண்ட் ஆகலை. அவர் மொழி இன்னைக்கும் எங்கேயோ ஒரு லேப்ல கம்பைல் ஆகிட்டுதான் இருக்கு.